கயிறு பிடியாத ஆசான்

விடியற்காலையில் தூத்துக்குடி நகரத்து வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி கண் விழிக்கும் நோக்கம் சில ஆண்டுகளாக மாறியிருக்கிறது. சுப்ரபாதமும் ஜெபமாலையும் ராசிபலனும் ஒலித்துவந்த அந்த நேரத்தில், முதல்நாள் இரவு கைபேசியில் பதிவிறக்கி, பென்டிரைவ் என்னும் விரலளவுக் கருவியில் ஏற்றி, பெட்டியின் பக்கவாட்டுத் துளையில் செருகி வைத்த தேகாப்பியாசப் படம் ஒன்று இப்போது பல இல்லங்களில் ஓடத் தொடங்குகிறது. அது வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சியாக இருக்கலாம். அல்லது ஜேன் ஃபோண்டா என்னும் அமெரிக்க நடிகை 1982-இல் வெளியிட்ட உடற்பயிற்சி ஒளிநாடாவின் எண்ணற்ற சந்ததிகளுள் ஒன்றாக இருக்கலாம். எங்கோ ஒரு குளிரூட்டிய அறையில் நின்று ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ கையை உயர்த்த, இங்கே பாயின்மேல் நிற்கும் துறைமுகக் குமாஸ்தாவும், உப்பளக் கம்பெனியில் கணக்கெழுதுபவரும், பள்ளி ஆசிரியையும் தத்தம் கைகளை உயர்த்துகிறார்கள். கடல் கடந்து வரும் உருவங்கள் இக்கரைக்குப் புதியனவும் அல்ல. கொழும்பில் ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கியதும் அதே 1982-இல்தான். அதன்பின், உயர்ந்த கம்பங்களில் ஆன்டெனா கட்டி இலங்கை நிகழ்ச்சிகளைக் கண்டு களித்த குடும்பங்கள் இந்தத் தென்கரையில் பல உண்டு.

இந்த உபதேசத்திலும் அதிகார பேதம் இருக்கிறது என்பதை இடையிலே சொல்லிவைக்கலாம். எச்.265 என்னும் முறையில் சுருக்கப்பட்ட படத்தைச் சில பழைய பெட்டிகள் ஏற்க மறுத்துக் கைவிரித்துவிடும். வேறு சில, உருவத்தைக் காட்டிக் குரலை விழுங்கிவிடும். ஃபேட் 32 என்னும் பழைய அமைப்பிலுள்ள பென்டிரைவோ 4 ஜி.பி.யை மிஞ்சிய ஒற்றைக் கோப்பைத் தன்னுள் அனுமதிப்பதே இல்லை. எல்லா மந்திரமும் எல்லாச் செவிக்கும் உரியதன்று என்று விதித்த பெரியோர் இதைக் கண்டிருந்தால் புன்னகை புரிந்திருப்பார்கள்.

மூட்டை சுமந்தும், துடுப்பு வலித்தும், உப்பு வாரியும் வாழ்ந்த ஒரு கரைக்குச் செயற்கையான உழைப்பு எதற்காகத் தேவைப்பட்டது என்பது நெடிய கதை. 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட இவ்வூர்த் துறையில், தோள்கள் செய்த வேலையைப் பாரந்தூக்கிகள் மேற்கொண்டன. தோளுக்குரியவரின் பேரப்பிள்ளைகள் நாற்காலிக்கு வந்து சேர்ந்தார்கள். அதுபற்றி வருந்துவதற்கில்லை. நான் இங்கே எடுத்துக்கொள்ளும் விசாரம் வேறு.

படத்திலுள்ள ஆசான் நம்மைப் பார்ப்பதில்லை. "மிக நன்று, இன்னும் நான்கு முறை" என்று அவர் முகமலர்ச்சியோடு சொல்லும்போது, எதிரே இருப்பவர் வியர்வை சொட்டச் செய்துகொண்டிருந்தாலும், சாய்வு நாற்காலியில் காபி அருந்திக்கொண்டிருந்தாலும், அறையில் ஒருவருமே இல்லாவிட்டாலும், அந்தப் பாராட்டு ஒரே அளவாகப் பொழிகிறது. தகுதி பாராது பொழிவதே கருணையின் இலக்கணம் என்று, நிர்ஹேதுக கிருபையைப் பற்றிப் பேசும் தென்கலை வைணவர் சொல்வதுண்டு. ஆனால் நம் குற்றங்களையெல்லாம் அறிந்திருந்தும் இறைவன் அருள்கிறான் என்பது ஒன்று. நாம் இருக்கிறோம் என்பதையே அறியாமல் ஒருவர் புகழ்கிறார் என்பது முற்றிலும் வேறொன்று. முன்னது நம்மைத் தலைகுனியச் செய்யும்; பின்னதைக் கேட்டுத் தலைகுனிந்தவர் எவரும் இலர். ஆகவே கேள்வி இதுதான்: காணாத ஒருவர் கற்பிக்க முடியுமா? அதிலும், சரீரத்தைக் கொண்டே செய்ய வேண்டிய ஒரு சாதனத்தை, நம் சரீரத்தைக் காணாத ஒருவரிடமிருந்து பெறுவது உபதேசமாகுமா, வெறும் வேடிக்கையாகுமா?

கருத்தைப் பொறுத்தவரையில் விடை எளிது. ஓட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்து இத்துறைமுகத்தின் பெயராகவே நிலைத்துவிட்ட வ. உ. சிதம்பரம் பிள்ளை, ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரை அவருடைய நூல்களின் வாயிலாகவே அறிந்தார். ஆயினும் அவற்றை 'மனம் போல வாழ்வு', 'அகமே புறம்' என்று தமிழாக்கித் தம்மவர்க்கு அளிக்குமளவு அவற்றில் தோய்ந்தார். எண்ணத்திற்கு எண்ணம் துணையாவதற்கு இருவரும் ஓரிடத்தில் நிற்க வேண்டியதில்லை. ஏடு போதும். ஆனால் முழங்கால் மடிய வேண்டிய கோணத்தை ஏடு சொன்னாலும், நம் முழங்கால் அந்தக் கோணத்தில்தான் மடிந்திருக்கிறதா என்பதை ஏடு எங்ஙனம் அறியும்?

சைவ சித்தாந்திகள் இந்த விஷயத்தை நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார்கள். உயிர்களை மலபேதத்தால் மூவகையாக்கி, விஞ்ஞானகலர்க்கு இறைவன் உள்நின்றே உணர்த்துகிறான் என்றும், பிரளயாகலர்க்குத் தன் திருவுருவை முன்னே காட்டி உணர்த்துகிறான் என்றும், நம்மைப் போன்ற சகலர்க்கோ மானிடச் சட்டை தாங்கிய குருவாக வந்தே உணர்த்துகிறான் என்றும் அவர்கள் வகுத்தனர். எல்லாம் வல்ல இறைவன் சகலர்க்கு மட்டும் ஏன் எலும்பும் தசையுமாக வர வேண்டும்? அவர்கள் தம்மைப் போன்ற ஒன்றிடமிருந்தே கற்கத்தக்கவர்கள். தம்மைப் பார்க்கும் கண்ணைத் தாமும் பார்த்தாலன்றி நம்பிக்கை கொள்ளாதவர்கள். தீட்சைகளைப் பேசும் இடத்திலோ அழகான ஓர் உவமை வழங்கிவருகிறது: பறவை தன் முட்டையைத் தீண்டிப் பொரிக்கிறது, மீன் பார்த்துப் பொரிக்கிறது, ஆமையோ நினைந்தே பொரிக்கிறது, அவ்வாறே குருவின் ஸ்பரிசமும், பார்வையும், பாவனையும் சீடனைப் பக்குவப்படுத்துகின்றன. மன்னார் வளைகுடாவில் வலை வீசுவோரிடம் இந்த மீனைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் ஆமையை அவர்கள் அறிவார்கள்: இரவில் மணலேறி வந்து, குழி தோண்டி முட்டையிட்டு மூடிவிட்டு, திரும்பியும் பாராமல் கடலுக்குப் போய்விடுகிற ஆமையை.

பதிவிறக்கிய படத்தின் ஆசானை இந்த ஆமையோடு சேர்க்கலாமா என்று தோன்றும். அவரும் தம் வித்தையை ஒரு குழியில் இட்டு மூடிவிட்டு அகன்றவர்தாம். ஆனால் உவமையின் உயிர் ஆமை அகன்றதில் இல்லை. அகன்ற பின்னும் நினைந்துகொண்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. எந்த முட்டை என்று அறிந்தல்லவா நினைக்க வேண்டும்? ஆயிரக்கணக்கானவர் பதிவிறக்கிக்கொண்ட ஒரு படத்தில், இன்ன வீட்டில் இன்னாருக்கு இடுப்பு வலி என்ற நினைவு எங்கிருந்து வரும்?

இந்த இடத்தில் எல்லோரும் ஏகலைவனை அழைத்துவருவார்கள். அழைத்து வந்தவர்கள், துரோணர் நேரில் வந்து முதன்முதலாகச் செய்தது கட்டை விரலைக் கேட்டதுதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். அதைவிட நமக்கு அணித்தாயிருப்பது வைணவ ஆசாரியர் நாதமுனிகளின் வரலாறு. தாமிரபரணிக் கரையில், இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலேயே உள்ள ஆழ்வார்திருநகரிக்கு, காட்டுமன்னார்கோயிலில் நம்மாழ்வார் பாடிய ஆயிரத்துள் பத்துப் பாசுரங்களை மட்டும் கேட்டு எஞ்சியவற்றின்மேல் தாகம் கொண்ட அவர் வந்தார் என்றும், அப்போது நம்மாழ்வார் அங்கே இலர், பாசுரங்களை அறிந்தவரும் இலர் என்றும், ஆழ்வாரின் சீடர் மதுரகவிகள் பாடிய பதினொரு பாசுரங்களைத் திருப்புளியடியில் 12,000 முறை உருவிட்டால் பயன் கிட்டும் என்று அங்கிருந்த பெரியவர் ஒருவர் சொல்ல, அவ்வண்ணமே செய்தார் என்றும் குருபரம்பரை கூறும். இல்லாத ஆசானின் முன்னே, இரவல் பெற்ற பதினொரு பாட்டைப் பன்னீராயிரம் முறை ஒருவர் தனியே இருந்து சொல்வது, இன்றைய கண்ணுக்கு ஒரே படத்தை நாள்தோறும் ஓடவிட்டு அப்பியாசம் செய்வது போலவே தோன்றலாம். ஒத்த இடமும் உண்டுதான்: சலியாமை. ஆயினும் நாதமுனிகள் அந்தப் பதினொரு பாட்டை ஆசானாகக் கொள்ளவில்லை. அதை ஆசானை வரவழைக்கும் வாயிலாகக் கொண்டார். ஆழ்வார் யோகநிலையில் தோன்றி நாலாயிரத்தையும் அருளினார் என்றே வரலாறு முடிகிறது. வாயிலிலேயே குடியிருக்க அவர் சம்மதிக்கவில்லை.

இனிக் கடலுக்குள் இறங்கலாம். இக்கரையில் சரீர வித்தை எதையும் கடலில் வைத்தே சோதிக்க வேண்டும். சலாபம் என்னும் முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு இந்தப் பக்கத்துக் கடலில் நடைபெறவில்லை. சிப்பி விளையும் கடலடித் திட்டுகளாகிய பார்களில் சிப்பி குன்றியதே காரணம். ஆனால் அதன் முறையைச் சொல்லத் தெரிந்த முதியவர்கள் நெடுங்காலம் இருந்தார்கள். சங்கு குளிப்பதில் அதன் எச்சம் பின்னும் தொடர்ந்தது. பல பாக ஆழத்தில் கிடக்கும் பாருக்கு, கல்லில் காலை ஊன்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குளியாள் இறங்குவார். அவருக்கிருந்த அவகாசம் ஏறக்குறைய ஒரு நிமிஷம். யோக நூல்கள் கும்பகம் என்று பெயரிட்டு, ஆசன சித்தி பெற்றவனுக்கே உரியதென்று வரையறுத்த மூச்சடக்கலை, எந்தச் சாத்திரமும் வாசியாத ஒரு பரதவ இளைஞர், ஒரு கையால் சிப்பிகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டே, காலை முதல் உச்சிவேளை வரை மீண்டும் மீண்டும் செய்தார். மேலே தோணியில் கயிறு பிடித்து ஒருவர் நிற்பார். கயிற்றின் அசைவைக் கையால் உணர்ந்து, நேரத்தை மனத்தால் அளந்து, சரியான கணத்தில் இழுப்பவர் அவரே. அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும் என்று கரையோரத்தில் ஒரு பேச்சு உண்டு: தங்கையின் தாலி தன் கையில் இருக்கிறது என்பதை அவன் மறவான் அல்லவா? வழக்கம் எங்கும் அப்படியே இருந்ததோ இல்லையோ, அந்தப் பேச்சில் ஒரு தத்துவம் அடங்கியிருக்கிறது. வித்தை தெரிந்தவன் கயிறு பிடிக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. நீ இறந்தால் யாருக்கு இழப்போ அவன் பிடிக்க வேண்டும் என்றார்கள்.

சலாபத்தில் மற்றொருவரும் இருந்தார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர் என்று நம்பப்பட்ட கடற்கட்டி அவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழி சென்ற மார்க்கோ போலோ, எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு இத்தகைய மந்திரவாதிகளுக்குப் போயிற்று என்று எழுதிவைத்திருக்கிறார். பிற்காலத்தில் குளியாட்கள் கிறிஸ்தவர்களாகி, சலாபத்தை நடத்திய அரசாங்கம் கை மாறிய பின்னும் கடற்கட்டி மறையவில்லை. அவர் இல்லாமல் ஆட்கள் இறங்கத் துணியாததால், நம்பிக்கையற்ற அதிகாரிகளும் அவருக்குக் கூலி கொடுக்க நேர்ந்தது. அவர் நீருக்கடியில் நடப்பதைக் காண்பவர் அல்லர். கரையிலோ தோணியிலோ இருந்து மந்திரம் சொல்வார். அவர் சொல்கிறார் என்ற எண்ணமே இறங்குபவருக்குத் தைரியம்.

பரதவர் இவ்விருவரையும் வேண்டினார்கள் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். இறங்கத் தூண்டும் தைரியம் ஒருவரிடமிருந்து வந்தது. ஏற்றிவிடும் கை மற்றொருவருடையதாக இருந்தது. ஒன்றை மற்றொன்றென்று அவர்கள் மயங்கவில்லை. தொலைக்காட்சியில் தோன்றும் ஆசான் கடற்கட்டியின் தொழிலைச் செவ்வனே செய்கிறார். "உங்களால் முடியும்" என்கிறார். நாமும் பாயிலிருந்து எழுகிறோம். அதில் கபடம் இல்லை. கூலியும் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆனால் கயிறு அவர் கையில் இல்லை. மூச்சு முட்டும்போதும், முதுகெலும்பு தவறான பக்கம் வளையும்போதும், ஐம்பது வயதுக்காரர் இருபது வயதுக்காரரின் துள்ளலை நகல் செய்ய முயலும்போதும், மேலிருந்து இழுக்க ஒருவரும் இலர்.

இந்த இடத்தில் நியாயமான ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். அதை எழுப்பப்போகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். பார்வை என்றாலே காப்பு என்று கொள்ளுகிறீர்களே, கடற்கரைச் சாலையில் ரோச் பூங்காவைச் சுற்றி நடக்கும் ஒரு நடுவயதுப் பெண்மணி எத்தனை பார்வைகளைத் தாங்கி நடக்க வேண்டியிருக்கிறது என்பதை அறிவீர்களா என்று அவர்கள் கேட்பார்கள். பருத்த உடலைப் பார்த்துச் சிரிக்கும் கண்ணும், சுரிதார் அணிந்ததைப் பார்த்துப் புருவம் உயர்த்தும் கண்ணும், உடற்பயிற்சிக் கூடத்தின் ஆளுயரக் கண்ணாடியில் எட்டிப் பார்க்கும் கண்ணும் இல்லாத ஓர் இடம் அவர்களுக்கு வேண்டும். கதவைத் தாழிட்டு, படத்தை ஓடவிட்டு, காணாத ஆசானின் முன்னே அவர்கள் தம் உடலோடு தனித்து நிற்கும் அந்த நாற்பது நிமிஷம், வாழ்க்கையில் முதன்முறையாகக் கிடைத்த ஏகாந்தமாகவும் இருக்கக்கூடும். தவத்துக்குக் காட்டைத் தேடிப் போனவர்கள் எல்லோரும் கண்களிலிருந்து தப்பியே போனார்கள். இந்த மறுப்பை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். ஏற்றபின் என் கேள்வி சிறிது திருத்தம் பெறுகிறதேயன்றி அழியவில்லை: எடைபோடும் பார்வை வேறு, கயிறு பிடிக்கும் பார்வை வேறு. முன்னதிலிருந்து தப்பியது நல்லது. அதோடு பின்னதையும் இழந்து நிற்க வேண்டியது விதியா என்பதே இனிப் பேச வேண்டியது.

வேதாந்திகள் உடனே சாட்சியைக் காட்டுவார்கள். வெளியில் யாரும் பார்க்க வேண்டியதில்லை. உனக்குள் எல்லாவற்றையும் கண்டுகொண்டு, ஒன்றிலும் ஒட்டாமல் ஒரு சைதன்யம் இருக்கிறது. அதுவே குரு என்பார்கள். உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தச் சாட்சி ஒட்டாதது என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஒட்டாத ஒன்று இடுப்பைத் திருத்துமா? நம்முள் பேசுவது பெரும்பாலும் சாட்சி அன்று. சோம்பல் அல்லது அகந்தை. சோம்பல், படத்தை நிறுத்தும் பொத்தானைத் தேடுகிறது. அகந்தை, நிறுத்த வேண்டிய வலியிலும் நிறுத்த மறுக்கிறது. சீடன் விரும்பியபோது குருவை அசையாமல் நிற்கவைக்கக்கூடிய ஒரு குருகுலம் இதற்கு முன் உலகில் இருந்ததில்லை; அந்தச் சுதந்திரத்தைச் சரியாக ஆள்வதற்கு விஞ்ஞானகலர்க்குத்தான் தகுதி உண்டு என்று சொல்லத் தோன்றுகிறது.

யோகாசாரியர் திருமலை கிருஷ்ணமாசாரியார், மைசூரில் 1938-இல் ஊமைப்படம் ஒன்றில் தம் ஆசனங்களைப் பதியவிட்டார். அவருடைய மாணவர் பி. கே. எஸ். ஐயங்காரும் அதில் தோன்றுகிறார். இன்று அந்தப் படத்தை யாரும் பதிவிறக்கித் தம் வீட்டுப் பெட்டியில் காணலாம். அதே ஆசாரியர் பின்னாளில் சென்னையில் வாழ்ந்தபோது, வந்தவரை ஒவ்வொருவராக அமர்த்தி, நாடியும் வயதும் தொழிலும் நோயும் பார்த்து, ஒருவருக்குச் சொன்னதை அப்படியே மற்றவருக்குச் சொல்லாமல் கற்பித்தார். படத்திலுள்ள உடலின் வளையும் திறம் கண்ணைப் பறிக்கிறது. அவருடைய வித்தையின் உயிரான அந்த ஆராய்ச்சியோ படத்தில் ஓரிடத்திலும் தென்படாது. தென்படவும் முடியாது, பார்க்கப்பட வேண்டியவர் அங்கே இல்லையாதலால்.

இனி ஒரு வழி இருக்கிறதா என்றால், இக்கரையே நானூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு வழியைக் கண்டது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த கிறிஸ்தவ மறைபரப்பாளர் பிரான்சிஸ் சவேரியார் தமிழ் அறியாதவர். இருமொழி தெரிந்தவர்களைக் கொண்டு ஜெபங்களைத் தமிழாக்கி, பொருள் முழுதும் பிடிபடாத நிலையிலேயே ஒலியை மனனம் செய்து, மணியடித்துக் கூட்டிய சிறுவர்க்கு அவற்றைச் சொல்லிக்கொடுத்தார். வேறொருவர் குரலைத் தம் நாவில் பதிவு செய்துகொண்டு ஓடவிட்டார் என்றே சொல்லலாம். ஓர் ஊரில் சில காலம் தங்குவார். பிறகு ஜெபங்களின் பிரதி ஒன்றை அங்கே விட்டு, எழுதத் தெரிந்தவர் படியெடுக்கவும், மற்றவர் கேட்டு மனனம் செய்யவும், நாள்தோறும் ஓதவும் ஏற்பாடு செய்து, அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பிரதி இருந்தது, ஆசான் இல்லை. நம் பென்டிரைவின் நிலைமை முழுவதும் இதுவே. ஆனால் அவர் பிரதியை மட்டும் விட்டுச் செல்லவில்லை. ஒவ்வோர் ஊரிலும் கணக்கப்பிள்ளை என்று ஒருவரை நியமித்தார். அவர் மகானும் அல்லர், வேத பண்டிதரும் அல்லர். யார் வந்தார், யார் வரவில்லை, யார் எந்த வரியை விழுங்குகிறார் என்று பார்க்கும் கண் அவருடையது. பின்னர் அண்ட்ரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்று, 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் மறைநூல் அச்சேறி வந்தபோதும், அச்சு வந்துவிட்டதே என்று யாரும் கணக்கப்பிள்ளையை வீட்டுக்கு அனுப்பவில்லை.

ஆகையால் வீட்டில் இருக்கும் ஒருவரை அந்த வேலைக்கு அமர்த்தலாம் என்று நினைக்கிறேன். உடற்பயிற்சியில் அவர் ஒரு நாளும் கை உயர்த்தியிராதவராயினும் குற்றமில்லை. தாழிட்ட கதவுக்குள்ளே நம்பிக்கைக்குரிய ஒரு கண் மட்டும் இருக்கட்டும்: வெங்காயம் உரித்துக்கொண்டே மாமியார், "திரையில அந்தப் பொண்ணு முதுகு நேரா நிக்குது, ஒனக்கு ஏம்மா கூன் விழுது?" என்று கேட்டால் போதும், "மூச்சு வாங்குது, கொஞ்சம் உக்காரு தாயி" என்று சொன்னால் அதனினும் மேல். திரையிலுள்ளவர் வித்தையைக் காட்டட்டும். இழப்பு யாருக்கோ அவர் கயிற்றைப் பிடித்துக்கொள்ளட்டும். மாமியாரின் கண் எல்லா வீட்டிலும் கயிறு பிடிக்கும் கண்ணாக இருப்பதில்லை, சில வீட்டில் அதுவே ரோச் பூங்காவின் கண் என்று சொல்வோர்க்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. கணவரையோ, மகளையோ, அடுத்த வீட்டுத் தோழியையோ நியமித்துக்கொள்க என்பேன்.

நியமித்தபின் எஞ்சுவது சம்பளம். சவேரியார் தம் கணக்கப்பிள்ளைகளுக்காகப் போர்த்துகல் அரசியின் பாதரட்சைச் செலவுக்கென்று இக்கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த பணத்தையே கேட்டு வாங்கினார். விண்ணுலகம் ஏறுவதற்கு இக்கரைக் குழந்தைகளைவிட நல்ல பாதரட்சை அரசிக்குக் கிடைக்காது என்றும் எழுதினார். நம் வீட்டுக் கணக்கப்பிள்ளைகள் அவ்வளவு கேட்பதில்லை. பயிற்சி முடிந்ததும் ஒரு டம்ளர் காபி போட்டுக் கொடுத்தால் மறுநாளும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள், சர்க்கரை மட்டும் அவர்கள் கேட்ட அளவு இருக்க வேண்டும்.